உடையும் கோப்பை

வீட்டில் ஒருவருக்குத் தேநீர் மேல் பித்துப் பிடித்தால் அது படிப்படியாகத்தான் ஏறும். முதலில் டஸ்ட் டீ போய்க் குன்னூர் இலைத் தேயிலை வரும். சர்க்கரை குறையும், பிறகு பால் குறையும், ஒருநாள் பாலே நின்றுபோகும். அடுத்ததாக எவர்சில்வர் டம்ளர் உறுத்தத் தொடங்கும். புதுச்சேரிப் பக்கம் போய்வந்தபோது வாங்கிய ஒரு சுட்ட மண் கோப்பை வீட்டுக்குள் வரும். அதற்குத் துணையாக இன்னொன்று வரும். பிறகு மூக்கு வைத்த சின்ன டீபாட் ஒன்று வரும். கெண்டி என்று நம்மிடம் இதற்கு நல்ல சொல்லே இருக்கிறது. இவையெல்லாம் அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிடும், ஏனென்றால் வீட்டில் ஆறேழு வயதில் ஒரு குழந்தை இருக்கிறது. குழந்தைக்குப் பொம்மைப் படம் போட்ட பிளாஸ்டிக் குவளை தனியாக உண்டு. கோப்பையும் பத்திரம், குழந்தையும் பத்திரம் என்று எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். இந்த ஏற்பாடு தவறு என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல வருகிறேன். மேல்தட்டில் இருக்கும் கோப்பைகளில் ஒன்றை இறக்கிக் குழந்தையின் கையில் கொடுக்க வேண்டும். உடைந்தால் கொஞ்சம் மனசு வலிக்கும் அளவுக்கு அது நல்ல கோப்பையாகவும் இருக்க வேண்டும்.

இந்த யோசனை புதிதல்ல. 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி, பிள்ளைகள் புழங்கும் சாமான்கள் உண்மையான சாமான்களாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். பீங்கான் தட்டு, கண்ணாடிக் குவளை, சூப் நிறைந்த பாத்திரம் எல்லாவற்றையும் சின்னஞ்சிறு பிள்ளைகள் தூக்கி வந்து மேசையில் வைத்தார்கள். காரணம் எளிமையானது. உடையாத பொருளை மெதுவாக வைத்தாலும் தடாலென்று வைத்தாலும் விளைவு ஒன்றுதான். கை தன் தவறை அறிய வழியே இல்லை. அப்போது பெரியவர்தான் பக்கத்தில் நின்று “பாத்து, பாத்து” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. உடையும் பொருள் அந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். கோப்பை மேசையில் படும் சத்தத்திலேயே குழந்தைக்குச் சேதி போய்விடும். மாண்டிசோரி 1939இல் தியசாபிகல் சொசைட்டியின் அழைப்பில் அடையாற்றுக்கு வந்தார். உலகப் போர் மூண்டதால் ஐரோப்பா திரும்ப முடியாமல், சென்னையிலும் கொடைக்கானலிலும் இருந்துகொண்டு நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் பெயர் தாங்கிய பள்ளிகள் இங்கே ஏராளம். அவருடைய உடையும் குவளை மட்டும் நம் வீடுகளுக்குள் வந்து சேரவில்லை.

சரி, உடைய வேண்டும் என்றால் கடையில் கிடைக்கும் சாதாரண கண்ணாடி கிளாஸ் போதாதா, கையால் செய்த கோப்பை எதற்கு என்று கேட்கலாம். கண்ணாடி கிளாஸ் கவனத்தைக் கற்றுத்தரும், சந்தேகமில்லை. கைக்கோப்பையில் அதைவிடக் கூடுதலாக ஒன்று இருக்கிறது. அதைக் குப்புறக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒரு வளையம், அங்கே மெருகு பூசப்படாத மண் சொரசொரவென்று தெரியும். மெருகு அந்த வளையத்துக்குச் சற்று மேலே, வழிந்து வந்து நின்ற இடத்தில் ஒரு தடித்த விளிம்பு கட்டியிருக்கும். பக்கவாட்டில் விரலை வைத்துக் கோப்பையைச் சுழற்றினால் மெல்லிய வரிகள் தட்டுப்படும். சக்கரம் சுற்றும்போது குயவர் விரல் கீழிருந்து மேலே ஏறிய தடம் அது. சில கோப்பைகளில், பூச்சில் முக்கியெடுத்தபோது பிடித்த விரல்களின் அச்சு அடிப்பக்கத்தில் அப்படியே நிற்கும். ஒரு குழந்தை அதைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்து என்ன செய்யும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம். தன் விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்க்கும். பொருள் என்பது கடையிலிருந்து வருவது என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, ஒரு ஆள் உட்கார்ந்து செய்தது இது என்பது விரல்வழியாக உறைக்கிறது. அச்சில் வார்த்து ஆயிரக்கணக்கில் வரும் குவளையில் இந்தப் பாடம் கிடைக்காது.

இந்தக் கோப்பைகளைத் தேடி ஜப்பானுக்கோ சீனாவுக்கோ போக வேண்டியதில்லை. 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் மண்பாண்டக் கலை பயின்றவர். அந்தப் பட்டறையில் கற்றவர்களும் அவர்களிடம் கற்றவர்களுமாக இன்று புதுச்சேரி, ஆரோவில் சுற்றுவட்டாரத்தில் ஸ்டோன்வேர் செய்யும் குயவர்கள் நிறையப் பேர். ஸ்டோன்வேர் என்பது 1,200 டிகிரிக்கு மேலான சூட்டில் சூளையில் வெந்து, மண் கல்லாக இறுகிய பாண்டம். நீர் கசியாது, வாசனை பிடிக்காது. மானாமதுரை மண்பாண்டம் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய பாண்டம்தான். ஆனால் அது அதைவிடக் குறைந்த சூட்டில் வெந்த மண்; நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. அந்தக் குணமே தேநீருக்கு எதிராக நிற்கும், மண்வாசம் தேநீரை விழுங்கிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, எது வெளியே வியர்க்கிறது என்று பார்க்கச் சொன்னால், சூடு மண்ணை என்ன செய்கிறது என்பது ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: பளபளவென்று வண்ணம் பூசிய, குறைந்த சூட்டில் வெந்த அலங்காரக் கோப்பைகளைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. சில மலிவான மெருகுப் பூச்சுகளில் ஈயம் உண்டு, எலுமிச்சை பிழிந்த தேநீர் அதை எளிதில் கரைத்து இழுத்துவிடும். செய்தவரிடமே கேட்டு வாங்குவதுதான் பாதுகாப்பு. கைவினைப் பொருளில் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார் என்பதே பெரிய வசதி.

கைப்பிடி இல்லாத கோப்பை இன்னும் நல்லது. சீனத்திலும் ஜப்பானிலும் தேநீர்க் கோப்பைக்குப் பெரும்பாலும் காது கிடையாது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கையால் பிடிக்க முடியாத சூட்டில் இருக்கும் தேநீர், வாயில் வைக்கவும் முடியாத சூட்டில் இருக்கிறது. கோப்பை ஆறிக் கைக்கு இதமாகும்போதுதான் நாக்குக்கும் இதமாகிறது. பிளாஸ்டிக் குவளை இந்தச் சூட்டை மறைக்கிறது, எவர்சில்வர் அதைச் சட்டென்று கையில் ஏற்றிவிடுகிறது, மண் நிதானமாகச் சொல்கிறது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் வகைப்படுத்தியது. பொறுத்துக் குடி என்று வாயால் சொல்வதைவிட, பொறுத்தால்தான் எடுக்க முடியும் என்ற கோப்பை மேல். கொதிக்கும் கெட்டில் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும், அதில் சமரசம் இல்லை. ஆனால் வெதுவெதுப்பான நீரை இரண்டு பாத்திரங்களுக்கிடையே மாற்றி மாற்றி ஆற்றுவதை ஒரு ஏழு வயதுப் பிள்ளை அழகாகச் செய்யும். ஆற்றுவது என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை வேலை இருக்கிறது என்று அப்போது தெரியும்.

இனி இலைக்கு வருவோம், ஏனென்றால் கோப்பையைவிடப் பெரிய சேதி அதில்தான் இருக்கிறது. இந்தியாவில் உற்பத்தியாகும் தேயிலையில் பெரும்பகுதி சிடிசி. 1930களில் அசாமில் வந்த முறை அது. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கிவிடும். பாலோடு கொதிக்க வைக்க அது வாகானது. ஆனால் அந்தக் குருணையைப் பார்த்து இது ஓர் இலை என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. நீலகிரியில் ஆர்தடாக்ஸ் முறையில் செய்த முழு இலையை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு வெந்நீர் ஊற்றிப் பாருங்கள். கறுத்து முறுக்கிக் கிடந்தது மெல்லப் புரளும். மூன்று நான்கு நிமிடத்தில் ஒரு காம்பு, அதில் இரண்டு இலை, நடுவே ஒரு மொட்டு என்று விரியும். ஓரத்தில் வாள்பல் போன்ற நுண்ணிய வெட்டுகள்கூடத் தெரியும். அதை எடுத்து ஈரத்தோடு உள்ளங்கையில் வைத்தால், காம்பில் கிள்ளிய இடம் இருக்கிறது. கிள்ளியது யார் என்று குழந்தை கேட்கும் இடம் இதுதான். கேட்காவிட்டால் நாம் சொல்ல வேண்டிய இடம்.

அந்தக் கேள்விக்குத் தமிழில் பதில் சொல்வது மற்ற மொழிக்காரர்கள் பதில் சொல்வதுபோல் இல்லை. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு கெண்டிக்குப் போடும் 4 கிராமுக்கு 18 கிராம் கொழுந்து. அதைப் பறிக்கும் கைகள் வால்பாறையிலும் நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் கைகள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது, காப்பித் தோட்டங்களுக்காகக் கங்காணிகள் கூட்டிச்சென்ற நம் மக்கள் ஏற்கனவே அங்கே இருந்தார்கள். லயம், பிரட்டு, கணக்குப்பிள்ளை என்ற சொற்களெல்லாம் அவர்கள் வாழ்க்கையின் சொற்கள். ஆனைமலைத் தோட்டங்களில் பணியாற்றிய மருத்துவர் பி.எச். டேனியல் 1969இல் எழுதிய ‘ரெட் டீ’ தமிழில் ‘எரியும் பனிக்காடு’ ஆக வந்து பலரும் படித்த நூல். ஆறு வயதுப் பிள்ளைக்கு அத்தனையும் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். இந்தக் காம்பை ஒரு பெண் கிள்ளினார், அவர் முதுகில் கூடை இருந்தது, மலைச்சரிவில் நின்றார், மழையிலும் நின்றார் என்பது போதும். பன்னிரண்டு வயதில் கூலியைப் பற்றிப் பேசலாம், பதினைந்தில் அந்த நூலையே கையில் கொடுக்கலாம். தேநீரை நேசிக்கக் கற்றுக்கொடுப்பது சுகவாசிப் பழக்கம், உழைப்பை மறைக்கும் அழகு என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான். உழைப்பை மறைத்தது குருணையும் டப்பாவும் விளம்பரமும். குயவரின் விரல் தடமும் கிள்ளிய காம்பும் அதைக் கண்முன்னே கொண்டுவந்து வைக்கின்றன.

கோப்பையைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டில் தவிர்க்க முடியாத இன்னொரு கோப்பை உண்டு. டீக்கடையில் சிலருக்குக் கண்ணாடி கிளாஸ், சிலருக்குத் தனிக் குவளை, சில ஊர்களில் கொட்டாங்குச்சி என்று வைத்திருந்த இரட்டைக் குவளை முறை நமக்குத் தொலைவான சரித்திரம் இல்லை. சில இடங்களில் அது வேறு வடிவில் இன்னும் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் நகரத்து அடுக்களையும் அதே வரிசையில்தான் வரும். எனவே, குழந்தைக்கு அழகான கோப்பை என்று பேசும் எவரும் அந்தக் கோப்பை யாருக்கெல்லாம் என்று சொல்லியாக வேண்டும். தென்சீனத்துச் சாவ்சோவ் நகரத்தில் கோங்ஃபூ தேநீர் என்ற வழக்கம் இருக்கிறது. உள்ளங்கையளவு கெண்டி, அதைச் சுற்றி மூன்றே மூன்று சிறு கோப்பைகள். நான்கு பேர் இருந்தாலும் ஐந்து பேர் இருந்தாலும் மூன்றுதான். ஒரு சுற்று முடிந்ததும் வெந்நீரில் கோப்பைகளைச் சுழற்றிக் கழுவி அடுத்தவருக்கு ஊற்றுவார்கள். ஊற்றும்போதும் ஒரு கோப்பையை முழுதாக நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. மூன்றின் மேலும் கெண்டியை வட்டமாகச் சுழற்றிச் சுழற்றி ஊற்றுவார்கள், அப்போதுதான் மூன்றிலும் ஒரே நிறம், ஒரே திடம். இது யாருடைய கோப்பை என்ற கேள்வியே அங்கே எழ இடமில்லை. நம் வீட்டுப் பிள்ளைக்குத் தேநீர் ஊற்றக் கற்றுக்கொடுக்கும்போது நான் முதலில் கற்றுக்கொடுக்கச் சொல்வது இந்த வட்டத்தைத்தான். வீட்டுக்கு வேலைக்கு வந்த அக்காவுக்கும் அந்தக் கோப்பையிலேயே போகிறது என்பதைப் பிள்ளை தன் கையால் ஊற்றிக் கற்க வேண்டும்.

குழந்தைக்குத் தேநீரா என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். தேநீரில் காஃபின் உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வகுத்த அளவுப்படி, பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை ஒரு நாளைக்குக் கவலையில்லை. 20 கிலோ பிள்ளைக்கு 60 மில்லிகிராம். 12 வயது வரை காஃபினே வேண்டாம் என்பது அமெரிக்க மருத்துவர்களின் கறாரான அறிவுரை. இதைவிட நமக்கு முக்கியமானது இரும்புச்சத்து. தேநீரில் உள்ள டானின் வகைப் பொருள்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் ஏற்காமல் தடுக்கின்றன. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று சொல்லும் நாட்டில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே ஐந்து வயதுக்குக் கீழே தேயிலை வேண்டவே வேண்டாம். அதற்கு மேலும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் கூடாது. வெளிறிய தேநீர், பெரியவர் கட்டைவிரல் ஆழம், வாரத்தில் ஓரிரு நாள் மாலை நேரம். முதல் நீரை ஊற்றிக் கொட்டிவிட்டால் காஃபின் எல்லாம் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள்; அரை நிமிடத்தில் போவது சிறு பங்குதான், அதை நம்பி ஊற்ற வேண்டாம். ஜப்பானில் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வறுத்த பார்லியில் போட்ட முகிச்சா கொடுக்கிறார்கள், அதில் காஃபின் கிடையாது. நமக்குத் துளசி, எலுமிச்சைப்புல், கொஞ்சம் சுக்கு என்று தாராளமாக இருக்கிறது. கோப்பையில் என்ன இருக்கிறது என்பதில் எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம், என் வாதம் அதனால் இளைக்காது. அதிகாலையில் பால் டீயில் சர்க்கரை போட்டு, பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்துப் பழக்கும் வீடுகள்தான் நம்மிடம் அதிகம். அந்தப் பழக்கத்தை மாற்றவும் இது ஒரு வழி.

கடைசியாக ஓர் ஆட்சேபம், எனக்கு அதிகம் உறைத்ததும் அதுதான். பெரியவர் தன் பித்தைப் பிள்ளை மேல் திணிக்கிறார், பாட்டு வகுப்பு, சதுரங்க வகுப்போடு இப்போது தேநீர் வகுப்பா என்பது. திணித்தால் தவறுதான். இதற்கு எட்டாம் நூற்றாண்டுச் சீனத்தில் ஒரு சாட்சி இருக்கிறார். தேநீரைப் பற்றிய உலகின் முதல் முழுநூலான ‘சா ஜிங்’ எழுதிய லு யூ, கைவிடப்பட்ட குழந்தையாக ஒரு பௌத்த மடத்தில் வளர்ந்தவர். மடத்துத் தலைவரான துறவிக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துத்தான் அந்தக் கலையைக் கற்றார் என்று சொல்வார்கள். துறவி அவரைப் பௌத்தராக்க முயன்றார். பிள்ளை மறுத்தது. தண்டனையாக மாடு மேய்க்க விட்டார்கள். மாட்டின் முதுகில் மூங்கில் குச்சியால் எழுத்துப் பழகியது பிள்ளை. கடைசியில் மடத்தைவிட்டு ஓடிப்போய் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தது. துறவி பாடமாக வைத்த சமயம் ஒட்டவில்லை, பக்கத்தில் நின்று பார்த்த தேநீர் ஒட்டிக்கொண்டது. அந்த நூலில் லு யூ கோப்பைகளையும் தரம் பிரிக்கிறார். சிங் சூளையின் வெள்ளைக் கோப்பையைவிட யுவே சூளையின் பச்சைக் கோப்பை மேல் என்கிறார். வெள்ளையில் தேநீர் சிவந்து தெரிகிறது, பச்சையில் பசுமையாகத் தெரிகிறது என்பது காரணம். ஒரே தேநீரை வெள்ளைக் கோப்பையிலும் கறுப்புக் கோப்பையிலும் ஊற்றி வைத்து, எதில் கசப்பு என்று கேட்டுப் பாருங்கள். சரியான விடை என்று ஒன்றை நாம் மனசில் வைத்திருக்கக் கூடாது. வைத்திருக்கவும் முடியாது, நாமே இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறோம். அது நல்லதே. முழுக்கத் தேர்ந்த பிறகு சொல்லிக்கொடுக்கலாம் என்று காத்திருந்தால் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு வாத்தியார். “இது ஏன் நேற்றைவிடத் துவர்க்கிறது, தண்ணீர் ரொம்பக் கொதித்துவிட்டதோ” என்று வாய்விட்டு யோசிக்கும் அம்மாவோ மாமாவோ பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்கு ஒரு கூட்டாளி கிடைக்கிறார். வேண்டாம் என்று பிள்ளை எழுந்து விளையாடப் போனால் போகட்டும். கோப்பை அதன் இடத்தில் இருக்கும்.

கோப்பை உடையும். கட்டாயம் உடையும். சில நூறு ரூபாய், ஒரு தண்ணீர் பாட்டிலோ ரிமோட் காரோ வாங்கும் காசு. விலையைவிட வலிப்பது, அந்தக் குயவர் அதே மாதிரி இன்னொன்று செய்ய முடியாது என்பதுதான். அதே மண், அதே பூச்சு, அதே சூளை என்றாலும் நெருப்பு வேறு. இப்போது ஊரெங்கும் மட்கா டீ என்று மண் குவளையில் கொடுக்கிறார்கள், குடித்ததும் தூக்கி எறிகிறார்கள். மண்ணைக் கையில் கொடுத்துவிட்டு எறியவும் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. வீட்டில் உடையும்போது கத்தக் கூடாது, பரவாயில்லை என்று அவசரமாக மூடி மறைக்கவும் கூடாது. பெரியவர் துண்டுகளைப் பொறுக்கி ஒரு தட்டில் வைக்கட்டும். முனை மழுங்கிய ஒரு துண்டை எடுத்து, உடைந்த ஓரத்தைப் பிள்ளைக்கு வெளிச்சத்தில் காட்டுங்கள். வெளியே நீலமாகவோ பச்சையாகவோ பார்த்த கோப்பைக்குள் சாம்பலோ பழுப்போ நிறத்தில் இறுகிய மண் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் நகக்கண் அளவுகூட இல்லாத கனத்தில், கண்ணாடிபோல் மின்னும் ஒரு தோல். இத்தனை நாள் உதட்டில் பட்டது அந்தத் தோல்தான். அடிவட்டம் முழுதாகத் தப்பியிருந்தால் அதைக் கழுவி, கூர் இருந்தால் உப்புத்தாளில் தேய்த்து, சன்னல் திட்டில் வையுங்கள். குயவரின் முத்திரை அதில்தான் இருக்கும். அடுத்த முறை அந்தப் பட்டறைக்குப் போகும்போது பிள்ளை அதைக் கையில் எடுத்துக்கொண்டு வரட்டும்.